பாராமல் இட்ட தீர்ப்பு

சேலத்துக்கும் சோலையார்பேட்டைக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையில் அமைந்த ஊர் மொரப்பூர். 1990-களின் இறுதியில் இவ்வூர்க் கடைத்தெருவில் சிறியதொரு கடை இருந்தது. பலகைத் தடுப்புக்குப் பின்னே இரண்டு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு விளையாட்டுக் கருவி. அரை மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள் மீடியா முதலிய பெயர்களில் அக்காலத்தில் நம் நாட்டில் விற்றன. சிறுவர்கள் அதனை 'டிவி கேம்' என்பார்கள். உள்ளே செருகும் விளையாட்டுப் பேழையைக் 'கேசட்' என்பார்கள். கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதித் துடைத்து மறுபடியும் செருகுவார்கள்.

நாம் குருப்பட்டம் பெற்ற புதிது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையக் குறைய, நம் சினமெல்லாம் அக்கடையின் மீது திரும்பிற்று. ஒரு ஞாயிறன்று மறையுரையில் அவ்விளையாட்டுகளைப் பேயின் கண்ணி என்றே சாடினோம். திருப்பலி முடிந்து திருவுடை களையும் வேளையில், பீடத்துணைச் சிறுவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து கேட்டான்: "சாமி, நீங்க ஒரு தடவையாவது அதை ஆடிப் பாத்திருக்கீங்களா?" நாம் விடை சொல்லவில்லை, அதட்டி அனுப்பினோம். பின்னர் அவன் பீடத்துணைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

அவன் இப்போது குடும்பத்தலைவன். அண்மையில் ஊர்த்திருவிழாவுக்குத் தன் பத்து வயது மகனோடு வந்திருந்தான். மகன் கையில் அயல்நாட்டு உறவினர் வாங்கித் தந்த நின்டெண்டோ சுவிட்ச் கருவி. "இது அவனுக்கு ஆகுமா, ஆகாதா? நீங்களே சொல்லுங்க சாமி" என்றான் தந்தை. இம்முறை அதட்டி அனுப்ப மனம் வரவில்லை. ஒருவாரத் தவணை கேட்டோம். இவ்விளையாட்டுகளைப் பற்றி அறிந்தோர் இதுவரை என்ன தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள், எவ்வாறு சொல்லியிருக்கிறார்கள் என்று தேடினோம். அத்தேடலில் கண்டவற்றையே இங்கு வாசகர்முன் வைக்கிறோம்.

மண்ணில் புதைத்த விளையாட்டு

வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் முதல் கருவி, ரால்ஃப் பேர் என்பாரின் முயற்சியால் 1972-இல் அமெரிக்காவில் வெளிவந்த மேக்னவாக்ஸ் ஒடிசி. 1977-இல் அட்டாரி நிறுவனத்தின் கருவி வந்தது. அதன் பின்னர் இது பெருவணிகம் ஆயிற்று. விளையாட்டுகளை மதிப்பிட்டு எழுதுவதற்கென்றே 'எலெக்ட்ரானிக் கேம்ஸ்' என்னும் இதழ் 1981-இல் அமெரிக்காவில் தோன்றியது.

ஆயினும் வணிகம் மதிப்புரைக்குக் காத்திருக்கவில்லை. 1982-இல் புகழ்பெற்ற திரைப்படம் ஒன்றின் பெயரால் 'ஈ.டி.' என்னும் விளையாட்டை அட்டாரி விற்பனைக்கு விட்டது. கிறிஸ்துமஸ் சந்தையைத் தவறவிடக் கூடாதென்று ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் அது செய்துமுடிக்கப்பட்டது. ஆடிய குழந்தைகள் குழியில் விழுவதும் ஏறுவதும் மறுபடி விழுவதுமாகச் சலித்துப்போயினர். விற்காத பேழைகள் குவிந்தன. 1983-இல் அவற்றையும் பிறவற்றையும் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆலமகோர்டோ ஊரின் குப்பைமேட்டில் கொட்டி மூடினார்கள். 2014-இல் அவ்விடத்தைத் தோண்டியபோது அப்பேழைகள் உண்மையாகவே வெளிவந்தன. நல்லதையும் தீயதையும் பிரித்தறியாத சந்தையில் வாங்குவோர் நம்பிக்கை இழந்தனர்; அமெரிக்காவில் அத்தொழிலே சில ஆண்டுகள் படுத்துவிட்டது. திறனாய்வு தொழிலுக்குப் பகை அன்று. அஃது இல்லாமையே தொழிலைக் கெடுக்கும் என்பதற்கு இது முதற்சான்று.

வாஷிங்டனில் ஒரு விசாரணை

1993 திசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவைக் குழு ஒன்று வன்முறை விளையாட்டுகளை விசாரித்தது. லீபர்மன், கோல் என்னும் உறுப்பினர் இருவர் அதனை முன்னின்று நடத்தினர். 'மார்ட்டல் காம்பாட்', 'நைட் டிராப்' ஆகிய இரண்டும் கூண்டில் நின்றன.

முன்னதன்மீது சொன்ன குற்றம் மெய்யே. தோற்றவனின் இதயத்தைப் பிடுங்கும் காட்சி அதில் இருந்தது. நின்டெண்டோ நிறுவனம் தன் கருவிக்கான பதிப்பில் குருதியை நீக்கி வியர்வைபோல் காட்டச் செய்தது. சேகா நிறுவனமோ இரகசியக் குறி ஒன்றை அழுத்தினால் குருதி தெரியுமாறு விட்டுவைத்தது. குருதி சிந்திய பதிப்பே மிகுதியாக விற்றது. மனித மனத்தின் சாய்வை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

பின்னதன் கதை வேறு. அதிலிருந்து ஒரு துண்டுக் காட்சி விசாரணையில் காட்டப்பட்டது. பெண்களைத் தாக்கும் விளையாட்டு என்று அது பழிக்கப்பட்டது. உண்மையில் ஆடுபவனின் பணி, வீட்டினுள் புகுந்த தீயோரிடமிருந்து அப்பெண்களைக் காப்பது. அதனைச் சிறந்த படைப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனினும் அதன்மேல் விழுந்த பழி, முழுவதும் பாராதவர் இட்ட பழி. இவ்விடத்தைப் படித்தபோது பீடத்துணைச் சிறுவனின் குரல் மீண்டும் நம் செவியில் ஒலித்தது.

இவ்விசாரணையால் நன்மையும் விளைந்தது. எந்த விளையாட்டு எந்த வயதினர்க்கு உரியது என்று உறைமேல் அச்சிடும் முறை 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிற்று. இன்றும் பெற்றோர் முதலில் நோக்கவேண்டியது அக்குறியையே. ஆனால், வயதுக்குறி தீங்கின் அளவைச் சொல்லுமேயன்றி நன்மையின் அளவைச் சொல்லாது.

எண்களின் ஆட்சி

நன்மையின் அளவைச் சொல்ல முயன்றவர் ஜப்பானியர். 1986-இல் தொடங்கிய 'ஃபாமிட்சு' இதழில் நால்வர் ஒரே விளையாட்டைத் தனித்தனியே ஆடிப் பார்த்து ஒவ்வொருவரும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் இடுவர். நாற்பதுக்கு நாற்பது முதன்முதல் கிடைத்தது 1998-இல் வெளிவந்த 'செல்டா' வரிசையின் 'ஒக்கரினா ஆஃப் டைம்' விளையாட்டுக்கு. நால்வர் தனித்தனியே பார்த்தல் நல்ல முறை.

ஆயினும் எண்ணுக்கு ஒரு மயக்கம் உண்டு. 2001 முதல் 'மெட்டாகிரிட்டிக்' என்னும் நிறுவனம் பல இதழ்களின் மதிப்பெண்களைச் சேர்த்து நூற்றுக்கு ஒரே எண்ணாகத் தரலாயிற்று. 2010-இல் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' என்னும் விளையாட்டைச் செய்த அப்சிடியன் நிறுவனத்தார்க்கு, எண் 85-ஐத் தொட்டால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம். கிடைத்தது 84. ஊக்கத்தொகை இல்லை என்றாயிற்று. திறனாய்வாளர் பலர் எழுதிய பக்கங்களில் குணமும் குற்றமும் விரிவாக இருந்தன. அவற்றை உருக்கிச் செய்த ஓர் எண்ணோ உழைத்தவர் கூலியைத் தீர்மானித்தது. நம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து அவர்களை எடைபோடும் நமக்கு இக்கதை புதிதாகத் தோன்றாது.

பேராலயத்தில் துப்பாக்கி

2006-இல் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கு வந்த 'ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்' என்னும் போர் விளையாட்டைத் திறனாய்வாளர் பலர் பாராட்டினர். அதில் ஒரு காட்சி, இங்கிலாந்தின் மான்செஸ்டர் பேராலயத்தின் உட்புறத்தைப் போன்றே அமைந்த இடத்தில் நடக்கும் துப்பாக்கிச் சண்டை. 2007 சூன் மாதம் ஆங்கிலிக்கத் திருச்சபை இதனை எதிர்த்தது. முன்னின்றவருள் ஒருவர் அப்பேராலயத் தலைமைக் குரு ரோஜர்ஸ் கோவெண்டர், தென்னாப்பிரிக்காவிலிருந்து சென்றவர். அந்நாட்டுத் தமிழர் பலருக்கு அதே குடும்பப்பெயர் உண்டு.

இங்கே நோக்கத்தக்கது எதிர்ப்பின் தன்மை. விளையாட்டுகள் எல்லாம் தீயவை என்று அவர்கள் சொல்லவில்லை. 'இது கற்பனைக் கட்டடம் அன்று. இசைவு கேளாமல் எடுத்தாளப்பட்ட எம் வழிபாட்டிடம். இந்நகரில் துப்பாக்கிக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு. அவர்களோடு இணைந்து துப்பாக்கிக்கு எதிராகப் பணிசெய்யும் ஆலயம் இது' என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். இது வெறும் அறிபுனை என்று முதலில் விடையிறுத்த சோனி நிறுவனம், அடுத்த மாதமே வருத்தம் தெரிவித்தது. கண்டு, காரணம் காட்டிச் சொன்ன சொல்லுக்கு வலிமை உண்டு.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி. முழுவதும் இந்தியாவிலேயே உருவான முதல் கன்சோல் விளையாட்டு என்னும் சிறப்போடு, ஐதராபாத்தின் ஆரோனா நிறுவனம் செய்த 'ஹனுமான்: பாய் வாரியர்' 2009-இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வந்தது. வழிபடும் தெய்வத்தை ஆடுபவனின் விரலசைவுக்கு உட்படுத்துவது தகாது என்று அமெரிக்கவாழ் இந்துத் தலைவர் ராஜன் செட் எதிர்ப்புத் தெரிவித்தார். விளையாட்டுத் திறனாய்வாளர்களின் குறையோ வேறு: செய்நேர்த்தி போதாது என்றார்கள். இரண்டாவது குறையை நாமும் நெஞ்சில் கொள்ளவேண்டும். பொருள் புனிதமானது என்பதால் படைப்பின் குறை மறைந்துவிடாது. நம் பக்திப்பாடல் ஒலிநாடாக்களையும் திருவிழா நாடகங்களையும் இந்த அளவுகோலால் நாம் அளந்ததுண்டா?

சொல்லைத் திரும்பப் பெற்றவர்

அமெரிக்கத் திரைப்படத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட், 1975-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். வீடியோ விளையாட்டு ஒருபோதும் கலை ஆகாது என்று 2010 ஏப்பிரலில் எழுதினார். ஆயிரக்கணக்கானோர் மறுத்து எழுதினர். சூலை மாதத் தொடக்கத்தில் அவர் மீண்டும் எழுதினார். கலை என்பதைப் பற்றிய தம் ஐயத்தை அவர் கைவிடவில்லை. ஆனால், தாம் பாராத திரைப்படத்தைப் பற்றி ஒருநாளும் எழுதாத தாம், ஆடாத விளையாட்டுகளைப் பற்றி எழுதியது தவறு என்று ஒப்புக்கொண்டார். புகழின் உச்சியில் இருந்த முதியவர் ஒருவர் ஊரறியச் செய்த பாவசங்கீர்த்தனம் எனலாம் அதனை.

நம் திருச்சபையும் இவ்வழியே நடந்திருக்கிறது. 1936-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் திரைப்படம் பற்றி எழுதிய சுற்றுமடலில் எச்சரிக்கைக் குரலே ஓங்கியிருந்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளை இறைவன் துணையால் மனித அறிவு கண்ட வியத்தகு படைப்புகளாக ஏற்றது. 1995-இல் திரைப்படத்தின் நூற்றாண்டை ஒட்டி வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியலையே வெளியிட்டது. அஞ்சியவர், பின்னர் பார்த்தவர், அதன்பின் பாராட்டவும் கற்றார். விளையாட்டைப் பொறுத்தவரை நாம் இன்னும் முதற்படியிலேயே நிற்கிறோம்.

மேலேறிப் பார்ப்போர்க்கு அங்கே கண்ணீரும் கிடைக்கும். அமெரிக்காவின் கிறிஸ்தவத் தம்பதியர் ரையன் கிரீன், ஏமி கிரீன் ஆகியோரின் மகன் ஜோயல், புற்றுநோயால் 2014-இல் ஐந்து வயதில் இறந்தான். அவனது நோயையும் தம் நம்பிக்கையையும் ஐயத்தையும் அவர்கள் 'தட் டிராகன், கேன்சர்' என்னும் விளையாட்டாக்கி 2016 சனவரியில் வெளியிட்டனர். மருத்துவமனை அறையில் குழந்தை அழுகிறது. ஆடுபவன் எதைச் செய்தாலும் அழுகை ஓயாது. வெல்ல முடியாத விளையாட்டு அது. பலர் அழுதுகொண்டே மதிப்புரை எழுதினார்கள். சாவை விளையாட்டாக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டும் நேர்மையான குரல்களே.

வெண்பா

இறுதியாகச் சிறுவனின் கருவிக்கு வருவோம். அதில் இருந்தது 'வெண்பா' என்னும் விளையாட்டு. கனடாவின் தொராண்டோவில் 'விசை' என்னும் சிறு நிறுவனம் செய்து 2023 சூலை 31-இல் வெளியிட்டது. 1988-இல் கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பம். தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். சிதைந்துபோன குடும்பச் சமையற் குறிப்பேட்டின் விட்டுப்போன வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே விளையாட்டு. பள்ளியில் தன் பெயரைக் 'கெவின்' என்று மாற்றிக்கொள்ளும் மகன், தமிழ்க் குறிப்பேட்டை முழுமையாகப் படிக்க இயலாமல் பின்னாளில் தடுமாறுகிறான். ஒன்றரை மணிப்பொழுதில் முடிந்துவிடுகிறதே என்று திறனாய்வாளர் சிலர் குறைபட்டனர். சமையலின் வழியே ஒரு குடும்பத்தின் துயரைச் சொல்லியதைப் பெரும்பாலோர் போற்றினர். 2024-இல் தனித்த படைப்பாளிகளுக்கான விழாவின் பெரும்பரிசும், பிரித்தானிய பாஃப்டா அமைப்பின் முதற்படைப்புக்கான பரிசும் அதற்குக் கிடைத்தன.

தவணை முடிந்த நாளில் அவ்வீட்டுத் திண்ணையில் சிறுவனருகே அமர்ந்தோம். இட்லித் தட்டுகளை அடுக்கும் பொறுப்பை நமக்கே தந்தான். ஆவி ஏறும் வழியை மறித்து அடுக்கினோம்போலும், இட்லி வேகவில்லை. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவன் பாட்டி, "ஏன் சாமி, இத்தன வருசம் சாப்பிடுறீங்க, தட்டு அடுக்கத் தெரியலையே" என்று சிரித்தார். சிறுவன் பாட்டியை அருகே அழைத்து வழி கேட்டான். அவர் சொன்னபடி அடுக்கினான், வெந்தது. கருவியைக் கண்டாலே முகஞ்சுளித்த அம்மூதாட்டி அடுத்த பதார்த்தம் வரை எழுந்திருக்கவில்லை.

அவன் தந்தைக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "கருவி ஆகுமா என்று கேட்காதே, எந்த விளையாட்டு என்று கேள். வயதுக்குறியைப் பார். பிறகு ஒருமுறை மகன் அருகே அமர்ந்து ஆடிப் பார். அதன் பின் சொல்லும் 'வேண்டாம்' என்ற சொல்லை அவன் மதிப்பான். அதன் பின் சொல்லும் 'நல்லது' என்ற சொல்லும் அவனுக்கு நினைவில் நிற்கும்."

அவன் தலையசைத்தான். சொல்லாமல் எஞ்சியிருந்த ஒன்றையும் சொல்லி முடித்தோம்: "நீ அன்று கேட்ட கேள்விக்கு அப்போதே விடை சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் ஆடிப் பார்த்ததில்லை. பாராமல்தான் பேசினோம்." கால் நூற்றாண்டு கழித்துச் சொன்ன விடை. "பரவாயில்ல சாமி" என்றான்; மகனைப் பார்த்து, "சாமிக்கு இன்னொரு தடவ ஆடக் குடுடா" என்றான்.