கடுகண்ணாவை ஏற்றமும் ஒரு வாளி தண்ணீரும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதியில், மாவனல்லையைக் கடந்ததும் சாரதிகள் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் காலம் ஒன்று இருந்தது. கடுகண்ணாவை ஏற்றம் அதற்கு அப்பால்தான் காத்திருந்தது. குளிரூட்டிய வாகனத்தில் கண்ணயர்ந்தபடியே கண்டியை அடைந்துவிடும் இன்றைய பயணிக்கு இது விளங்காது. எழுபதுகளின் தொடக்கத்தில், பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் கொழும்பை விட்டுப் புறப்படும் வான் ஒன்றின் முன்னிருக்கையில் அமர்ந்து அந்த மலையைப் பலமுறை ஏறியவன் நான்.

கண்டி இராச்சியத்துக்கு அந்த மலைகளே மதில். 1815இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அந்த மதிலில் ஒரு வழி திறக்க விரும்பினர். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் வீதி அமைந்தது. அதை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்துபோக, அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. 1832இல் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. அந்த வீதியில் கைவரிசை காட்டிய உதுவன்கந்த சரதியேலை 1864இல் கண்டியில் தூக்கிலிட்டார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும் வண்டியை மறிப்பது அவனுக்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

1867இல் புகையிரதம் கண்டியை எட்டியது. கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவே இந்தப் பாதை. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை சுமார் 1,400 அடி ஏற்றம். 45 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு. முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளும். இரண்டின் வேலையை ஒன்றே செய்யட்டும் என்று 1927இல் 'கராட்' வகைப் பெரும் எஞ்சின் ஒன்றைத் தருவித்தார்கள்.

நீராவி எஞ்சினில் தண்ணீர் ஆவியாவதற்கு மட்டுமே என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது தவறு என்பதை ஓய்வுபெற்ற எஞ்சின் சாரதி ஒருவர் எனக்கு விளக்கினார். நெருப்பறையின் மேற்தகட்டை உருகாமல் காப்பதும் அதன்மேல் நிற்கும் தண்ணீர்தான். அத்தகடு நீருக்கு வெளியே தெரிந்துவிட்டால் செந்தணலாகி இளகும், கொதிகலன் வெடிக்கும். ஆகவே அந்தத் தகட்டிலேயே ஈயம் வார்த்த ஓர் அடைப்பைப் பொருத்தியிருப்பார்கள். நீர் குறைந்தால் முதலில் ஈயம் உருகி, ஆவி நெருப்பின்மேல் பீறிட்டு எச்சரிக்கும்.

மலைப்பாதையில் இதில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. புகைபோக்கி முன்னே இருக்க ஏறும்போது தண்ணீர் பின்புறமாக, நெருப்பறைப் பக்கம் சாய்ந்து நிற்கும். கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் தாராளமாகவே தெரியும். கடுகண்ணாவை உச்சியைத் தாண்டிப் பேராதனையை நோக்கிப் பாதை சரியத் தொடங்கியதும் அதே தண்ணீர் முன்னால் ஓடிவிடும். ஏற்றத்தில் கண்ணாடியை நம்பியவன் இறக்கத்தில் ஏமாறுவான். "உச்சிக்கு முன்னமே உச்சியை நினைக்க வேணும், தம்பி" என்றார் அந்தப் பெரியவர். 1954 முதல் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் வந்தபின் அந்தக் கவலை மெல்ல ஒழிந்தது.

வீதியிலோ கவலை வேறு விதமானது. தாழ்ந்த கியரில் எஞ்சின் வேகமாகச் சுழலும், வண்டி மெதுவாக ஊரும், ரேடியேட்டருக்குக் காற்றுப் போதாது. மேலும், உயரம் கூடக்கூட நீர் சற்றுக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைத் தாங்குவதால்தான் அது கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அடங்கியிருந்தது அத்தனையும் ஒரே கணத்தில் பொங்கும்.

எங்கள் வானின் கிளீனர் தோட்டத்து லயத்தில் பிறந்த பதினெட்டு வயதுப் பையன். வண்டி நின்றதும் பாய்ந்து பின்சில்லுக்குக் கட்டை வைப்பான். பிறகு வாளியோடு வீதியோரப் பீலிக்கு ஓடுவான். ஒரு விடியற்காலை, விற்பனை முகவர்கள் கண்டியில் காத்திருக்கிறார்கள் என்ற அவசரத்தில் சாரதி அதட்ட, ஆறும்வரை பொறுக்காமல், சாக்குத்துணியும் இல்லாமல் அவன் மூடியைத் திருகினான். முழங்கையிலிருந்து விரல்வரை வெந்துபோனது. அதட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அன்று பத்திரிகை இரண்டு மணி நேரம் பிந்தியது. அதனால் எவருக்கும் எந்தக் குறையும் நேரவில்லை.

அதன்பின் சாரதி மாறிவிட்டார். மாவனல்லையில், மகா ஓயாவுக்கு அருகே, ஏற்றத்துக்கு முன்பாகவே வண்டியை நிறுத்துவார். எஞ்சின் ஆறும்வரை தேநீர். பிறகு விசிறிப் பட்டியை விரலால் அழுத்திப் பார்ப்பார். குழாய்களைத் தடவிப் பார்ப்பார். இரண்டு தகரம் தண்ணீர் ஏற்றுவார். வழியில் நீர் ஊற்ற நேர்ந்தால் எஞ்சினை ஓடவிட்டபடி சிறிது சிறிதாகவே ஊற்றுவார். கொதிக்கும் இரும்பில் குளிர்நீரை ஒரேயடியாகக் கொட்டினால் சிலிண்டர் தலை வெடித்துவிடும்.

அந்தப் பையன் இங்கே நெடுநாள் இருக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கென ஒதுக்கிய 525,000 பேரில் அவனது குடும்பமும் அடங்கியது. மலையகம் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்ட புகையிரதத்தில் அவர்கள் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். சில ஆண்டுகளின் பின் மண்டபத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மீன்பிடி விசைப்படகு ஒன்றில் எஞ்சின் பார்க்கிறானாம்.

அங்கே வாளி தேவையில்லை, கடலையே எஞ்சின் குடிக்கிறது என்று எழுதியிருந்தான். ஆனால் பாசியோ மணலோ உறிஞ்சுகுழாயை அடைத்துவிட்டால், சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் இருந்தும் எஞ்சின் வெந்துபோகும். ஆதலால் புறப்படுமுன் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவானாம். பம்பின் ரப்பர்ச் சக்கரம் ஒன்றையும் பட்டி ஒன்றையும் எப்போதும் மேலதிகமாக வைத்திருப்பானாம். ஓடும்போது படகின் பக்கத்தே வெளியேறும் நீர்த்தாரையிலிருந்து கண்ணை எடுப்பதில்லையாம். அது மெலிந்தால் உடனே எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட வேண்டும், ஏனென்றால் "இங்கே சில்லுக்குக் கட்டை வைக்க முடியாதே, ஐயா" என்று முடித்திருந்தான்.

கையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நானும் என் பதிலில் கேட்கவில்லை.