தொண்டைமான் சீமையைச் சுற்றிப் போன ரயில்

நாகப்பட்டினத்தில் தொடங்கிய கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயின் பாதை, தஞ்சாவூர் வழியாக 1862-இல் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து புதுக்கோட்டை சுமார் 33 மைல்தான். அந்தத் தூரத்தைக் கடக்க ரயிலுக்கு 67 ஆண்டுகள் பிடித்தன!

இடையில் மலையும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. இருந்தது, தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் எல்லைக்கோடு. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த தொண்டைமான்கள் ஆங்கிலேயருக்கு வேண்டியவர்கள். ஆனால் ரயில் கம்பெனிக்கு விசுவாசமா முக்கியம்? போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி உண்டு என்று சர்க்கார் உத்தரவாதம் தந்திருந்தது. கம்பெனியின் கண் துறைமுகங்கள் மீதும் பெரிய ஊர்கள் மீதும்தான். 1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போட்ட பாதையும் மணப்பாறை, திண்டுக்கல் என்று சமஸ்தானத்துக்கு மேற்கே ஒதுங்கியே போயிற்று.

சமஸ்தானங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. வெளியூர்களை இணைக்கும் பாதை தங்கள் மண் வழியே போனால், நிலத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது. அந்த நிலத்தின் மீதுள்ள போலீஸ், கோர்ட்டு அதிகாரத்தையும் பிரிட்டிஷாரிடம் ஒப்படைக்க வேண்டும். ஓடும் ரயிலில் திருடியவன் எல்லை தாண்டிவிட்டால் யார் பிடிப்பது என்பது அவர்கள் சொன்ன நியாயம். ஊருக்கு ரயில் வரும். தண்டவாளத்தின் மேல் ராஜாவின் சட்டம் செல்லாது.

நிலைமையை மாற்றியது இலங்கைப் பயணம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறும் தனுஷ்கோடிக்குப் போகக் குறுக்குவழி தேவைப்பட்டது. விழுப்புரத்திலிருந்து அரியலூர், லால்குடி வழியாகத் திருச்சிக்கு வரும் கார்டு லைன் 1929-இல் முழுமை பெற்றது. அதே ஆண்டு திருச்சி – புதுக்கோட்டைப் பாதையும் திறக்கப்பட்டது. 1930-இல் அது மானாமதுரையைத் தொட்டதும், மதுரையைச் சுற்றாமலே ராமேசுவரம் போக வழி பிறந்தது.

1929-இல் ரயில் வந்தபோது புதுக்கோட்டையில் ராஜா யார்? ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்கை மணந்து வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், 1928-இல் பாரிஸில் காலமாகியிருந்தார். அரியணையில் இருந்தவர் ராஜகோபாலத் தொண்டைமான், வயது ஆறு. தலைநகருக்கு ரயில் வந்துவிட்டது. ஆனால் அதை வரவழைத்தது அரண்மனையல்ல, கொழும்புக்குப் போகிறவர்களின் அவசரம்.

திருவிதாங்கூர் மகாராஜாவின் கதை வேறு. செங்கோட்டை மலையைக் குடைந்து 1904-இல் கொல்லத்துக்கு ரயில் போன வரலாற்றை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)