தீ பற்றாத திரைச்சீலை: பெயரை அப்படியே நம்பலாமா?

குளுவாங் மருத்துவமனையில் யாரையாவது பார்க்கப் போயிருக்கிறீர்களா? நோயாளியின் கட்டிலைச் சுற்றித் திரைச்சீலை தொங்கும். மறைப்புக்காகத்தான். ஆனால் தீ விபத்து என்று வந்தால், எழுந்து ஓட முடியாதவருக்கு மிக அருகில் இருக்கும் துணியும் அதுதான்.

2016 அக்டோபர் 25ஆம் தேதி ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீ மூண்டது. 6 நோயாளிகள் உயிரிழந்தனர். திரைச்சீலைதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் ஆட்களை வெளியேற்றச் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைப்பதே பெரிய விஷயம். தீயைத் தாங்கும் துணி அதற்கு உதவுகிறது.

எப்படி வேலை செய்யுது?

தொங்கும் துணிக்கு இரண்டு பக்கமும் காற்று கிடைக்கும். அதனால் கீழே பட்ட தீ விறுவிறுவென மேலே ஏறும். பருத்தி சூடானால் எரியக்கூடிய வாயு வெளியாகும். கொழுந்துவிட்டு எரிவது அந்த வாயுதான். பாஸ்பரஸ் கலந்த ரசாயனம் ஏற்றிய பருத்தியில் வாயு குறையும்; துணி கருகிக் கரியாகும், தீ பரவுவது மெதுவாகும். சில பாலியஸ்டர் வகைகளில் நூல் தயாரிக்கும்போதே இந்தத் தன்மையைச் சேர்த்துவிடுகிறார்கள்.

ஆக, "தீ பற்றாத" என்பது கொஞ்சம் மிகையான பெயர். தீ விடாமல் பட்டால் இதுவும் கருகும். புகையைத் தடுக்காது.

துவைக்கலாமா? லேபிளைப் பாருங்கள். சில ரசாயனப் பூச்சுகள் தண்ணீரில் கரைந்து போய்விடும். துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். அதன் படிவு எரியக்கூடியது.

கூரையிலிருந்து இறங்கும் தீத்தடுப்புத் திரை வேறு வகை. பெரும்பாலும் கண்ணாடி இழைத் துணி. பெட்டிக்குள் சுருண்டிருக்கும், அபாய மணி அடித்ததும் இறங்கி, தீயும் புகையும் அடுத்த பகுதிக்குப் பரவாமல் தடுக்கும். மின்சாரம் போனாலும் தன் எடையாலேயே இறங்கும்படி பல திரைகள் வடிவமைக்கப்படுகின்றன. அது இறங்கும் இடத்தில் நாற்காலி, அட்டைப்பெட்டி வைத்தால் அவ்வளவுதான்! 1903 டிசம்பர் 30ஆம் தேதி சிகாகோவின் இரோகுவாய் திரையரங்கில் மேடையின் தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. அந்தத் தீயில் 602 பேர் மாண்டனர். அரங்கம் திறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை.

வீட்டில்? சாமி விளக்கு, அடுப்பு பக்கத்தில் எந்தத் திரைச்சீலையும் வேண்டாம், லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் சரி. தீ பிடித்துவிட்டால் எல்லாரும் வெளியேறி, வரும் வழியில் கதவைச் சாத்திவிட்டு 999ஐ அழையுங்கள்.