குறுவட்டுப் பதிவு மென்பொருள்

குறுவட்டுப் பதிவு மென்பொருள் என்பது கணினியிலுள்ள பாடல்களையோ கோப்புகளையோ வெற்றுக் குறுவட்டில் எழுதும்படி டிரைவை இயக்கும் நிரல். 'சிடி ரைட் செய்வது', 'பர்ன் செய்வது' என்று பேச்சில் வழங்குவது இந்த வேலையைத்தான். ஒருமுறை மட்டும் எழுதத்தக்க சிடி-ஆர், அழித்து எழுதத்தக்க சிடி-ஆர்டபிள்யூ ஆகிய இரண்டையும் இத்தகைய நிரல்கள் கையாளும். எந்த நிரல் நல்லது என்று கேட்பதற்கு முன் எழுதப்போவது ஒலித்தட்டா, தரவுத்தட்டா என்று முடிவு செய்ய வேண்டும். ஒன்றுக்கு வேண்டியது மற்றதற்கு வேண்டியதில்லை.

ஃபிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த 'ரெட் புக்' விதிப்படி, ஒலித்தட்டில் கோப்பு என்று எதுவும் கிடையாது. நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இடம் வலம் என இரு தடங்களாக ஒலி நேராக ஓடுகிறது. அந்த ஓட்டம் நொடிக்கு 75 பகுதிகளாகவும், பகுதிக்கு 2,352 பைட்டாகவும் வெட்டப்படுகிறது. தரவுத்தட்டில் அதே பகுதியில் பயனருக்குக் கிடைப்பது 2,048 பைட். மீதியில் பெரும்பங்கு கூடுதல் பிழை திருத்தத்துக்குப் போய்விடுகிறது. ஒலியில் ஓரிடம் கெட்டால் பிளேயர் அக்கம்பக்கத்து மாதிரிகளை வைத்து அதை நிரப்பிவிடும். பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் கோப்பே திறக்காமல் போகலாம். 80 நிமிடத் தட்டில் 3,60,000 பகுதிகள் இருப்பதால் தரவுக்கு 73,72,80,000 பைட் இடம் கிடைக்கிறது. அட்டையில் 700 எம்பி என்று அச்சிடுவது இதைத்தான்.

எம்பி3 பாடல்களை அப்படியே இழுத்துப் போட்டு எழுதினால் கிடைப்பது தரவுத்தட்டு. எம்பி3 படிக்கத் தெரியாத பழைய பிளேயரில் அது பாடாது. ஒலித்தட்டாக எழுதும்போது நிரல் எம்பி3யை விரித்து எழுதுகிறது. ஆனால் சுருக்கும்போது இழந்த தரம் அதனால் திரும்புவதில்லை. தரம் இழக்காத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பு கையிலிருந்தால் அதிலிருந்தே எழுத வேண்டும்.

ஒலித்தட்டுக்கு நிரலைத் தேர்வதில் முதலில் பார்க்க வேண்டியது எழுதும் முறை. 'டிராக்-அட்-ஒன்ஸ்' முறையில் ஒவ்வொரு பாட்டும் தனித்தனியே எழுதப்படுவதால் இடையில் இரண்டு நொடி மௌனம் விழும். 'டிஸ்க்-அட்-ஒன்ஸ்' முறையில் லேசர் நிற்காமல் தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும். இடைவெளியை நாமே வைக்கலாம், முற்றிலும் நீக்கவும் செய்யலாம். திரைப்பாடல் தொகுப்புக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை. கச்சேரிப் பதிவுக்கு இதுதான் எல்லாம். ராகம், தானம், பல்லவியை மூன்று தடங்களாகப் பிரித்து டிராக்-அட்-ஒன்ஸில் எழுதினால் தம்புராவின் சுருதி நடுவே அறுந்து போகும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தட்டில் ஒரு பகுதி என்பது 588 மாதிரிகள். பதிவை வெட்டும் இடம் அந்த எல்லையில் அமையாவிட்டால், மிச்சத்தைச் சில நிரல்கள் மௌனத்தால் நிரப்பும். இரண்டு தடங்களின் நடுவே மெல்லிய 'டிக்' ஒலி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். நீண்ட பதிவை ஒரே வேவ் கோப்பாக வைத்து, தடங்கள் தொடங்கும் இடங்களைக் 'க்யூ' கோப்பில் குறித்து எழுதினால் இந்தச் சிக்கல் எழாது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, இம்க்பர்ன் ஆகிய நிரல்கள் இரண்டும் க்யூ கோப்பை ஏற்கின்றன. பாடல்களின் ஒலி அளவைத் தானாகச் சமன்படுத்தும் வசதி இருந்தால் கச்சேரிப் பதிவுக்கு அதை அணைத்துவிடுவதே நல்லது.

தரவுத்தட்டுக்கு முக்கியம் கோப்பு அமைப்பு. 1988இல் வந்த ஐஎஸ்ஓ 9660 தரத்தின் முதல் நிலை, எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்துப் பின்னொட்டும் மட்டுமே அனுமதிக்கிறது. அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றில்தான். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சேர்த்த ஜோலியட் நீட்சி அவசியம். அது யூனிகோடில் 64 குறிகள் வரை ஏற்கும். ஆனால் நாம் ஓர் எழுத்தாக எண்ணும் உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு குறிகளாக எண்ணப்படும்: 'திருவிளையாடல்' நமக்கு ஏழு எழுத்து, ஜோலியட்டுக்குப் பதின்மூன்று. நீண்ட தமிழ்ப் பெயர்களை எழுதும் முன் சுருக்கிக்கொள்வது பாதுகாப்பானது. ஒலித்தட்டில் பாடல் பெயரைக் காட்டும் சிடி-டெக்ஸ்ட் வசதியில் தமிழுக்கென எழுத்துத் தொகுதி வகுக்கப்படவில்லை. பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் தர வேண்டும்.

1990களின் பிற்பகுதியில் அடாப்டெக் நிறுவனத்தின் ஈசி சிடி கிரியேட்டரும், ஜெர்மனியில் உருவான நீரோ பர்னிங் ரோமும் பரவலாகப் பயன்பட்டன. அன்று எழுதும்போது கணினி சற்றுத் தாமதித்தாலும் தட்டு வீணாகும். 2000 வாக்கில் சான்யோவின் பர்ன்-ப்ரூஃப் போன்ற நுட்பங்கள் அந்த அச்சத்தைப் போக்கின. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியிலேயே எழுதும் வசதி சேர்ந்தது. பிறகு வணிக நிரல்கள் வீடியோ தொகுப்பு, படத்தொகுப்பு என்று பெருத்தன. குறுவட்டு எழுத மட்டும் வேண்டுவோருக்கு அவற்றின் பெரும்பகுதி தேவையற்றது. விண்டோஸில் இலவசமான இம்க்பர்ன் போதும். 2013க்குப் பின் அதற்குப் புதிய பதிப்பு வரவில்லை என்றாலும் வேலையைக் குறைவின்றிச் செய்கிறது. நிறுவும்போது கூடவே வரும் விளம்பர நிரல்களை ஏற்காமல் கவனமாக விலக்க வேண்டும். லினக்ஸில் கே3பி, பிரசேரோ இரண்டும் நல்லவை. கே3பியில் கட்டுப்பாடுகள் அதிகம். மேக்கில் ஃபைண்டரும் மியூசிக் செயலியும் எளிய தேவைகளை நிறைவேற்றும்.

தரவுத்தட்டின் முழுப் பிம்பத்தைச் சேமிப்பவர்கள், நீரோவுக்கே உரிய என்ஆர்ஜி வடிவைவிட எந்தக் கணினியிலும் திறக்கும் ஐஎஸ்ஓ வடிவைத் தேர்வது நல்லது. பல முறை சிறிது சிறிதாக எழுதும் 'மல்டிசெஷன்' முறை வசதியானதுதான். ஆனால் முதல் அமர்வை மூடும்போதே ஏறத்தாழ 22 எம்பியும், அடுத்தடுத்த அமர்வு ஒவ்வொன்றுக்கும் 13 எம்பியும் இடம் செலவாகும். எழுதி முடித்ததும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வசதி இல்லாத நிரலைத் தரவுத்தட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. எழுதிய தட்டை வேறொரு டிரைவிலும் ஒருமுறை வாசித்துப் பார்த்த பிறகே வன்வட்டிலுள்ள மூலக் கோப்புகளை அழியுங்கள்.