ஏரி இல்லாத ஏரிக்கரையில் ஒரு நடை

காலையில் ஏரியைச் சுற்றி நடக்க நமக்குக் கொடுப்பினை இல்லை என்று அலுத்துக்கொள்கிறீர்களா? மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டில் தொடங்கி, வள்ளுவர் கோட்டம் வழியாக நுங்கம்பாக்கம் டேங்க் பண்ட் ரோடு வரை நிதானமாக நடந்து பாருங்கள். பெயர்கள் மட்டும் மிஞ்சிய ஏரி அது. வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். 1920-களில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி நிலத்தில்தான் நிற்கிறது.

2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்கள் மூழ்கியபோது மாம்பலம் கால்வாயைத் திட்டித் தீர்த்தோமே, பாதிதான் நியாயம். அடுத்த மழைக்குள் நம் வளாகத்தின் மழைநீர்த் தொட்டிகளைத் தூர்வார வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு கேட் பக்கம் வாருங்கள், நடந்துகொண்டே பேசலாம்.