கம்பளைப் பெரஹராவும் 16ஆம் பிரிவின் பின்பாதியும்

கம்பளைப் பெரஹரா வழக்கை ஓசை பற்றிய பிணக்காக வாசிக்கும் போக்கு நம் வரலாற்றெழுத்தில் வேரூன்றிவிட்டது. பௌத்தச் சடங்குக்கு மேளம் உயிர். தொழுகைக்கு அமைதி வேண்டும். இரண்டும் அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலின் முன் மோதின. அந்த மோதலின் சூடு ஆறாத நிலையிலேயே 1915 மே 28 இரவு கண்டியில் கலவரம் வெடித்தது என்பது அதன் சாரம். இது பிழையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மேளம் எங்கே நிற்கவேண்டும் என்பதோடு முடிந்திருக்கக்கூடிய தகராறு, இத்தீவில் யார் பூர்வீகர், யார் வந்தேறி என்ற வழக்காக மாறியது ஏன் என்பதற்கு அந்த வாசிப்பில் விடையில்லை. வழக்கு எந்த ஆவணத்தின்மேல் கட்டப்பட்டது என்பதிலேயே அந்த விடை இருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

பெரஹராவை நடத்திய வல்லஹாகொட தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே தரப்பு, 1815 மார்ச் 2ஆம் திகதிய கண்டி ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவை நாட்டி நின்றது. பௌத்தத்தை மீறவியலாதது என அறிவித்து, அதன் சடங்குகள் பேணிக் காக்கப்படும் என்ற பிரிவு அது. 1914 ஜூன் 4இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் அந்த வாதத்தை ஏற்றார். 1915 பெப்ரவரி 2இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது: ஒப்பந்தம் எதுவாயினும், ஊர்வலங்கள் பின்வந்த கட்டளைச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவையே. அன்றுமுதல் ஆய்வாளர்களும் ‘ஒப்பந்தமா, கட்டளைச் சட்டமா’ என்ற இரண்டுக்குள்ளேயே சுற்றிவருகிறார்கள். இடையில் நிற்கும் மூன்றாவது ஆவணத்தின் ஒரு பாதி அரிதாகவே எடைபோடப்படுகிறது.

அது 1818 நவம்பர் 21ஆம் திகதிய பிரகடனத்தின் 16ஆம் பிரிவு. ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட கையோடு வெளிவந்தது. முற்பாதி, பௌத்த குருமாருக்கும் சடங்குகளுக்கும் ஊர்வலங்களுக்கும் முன்னாளில் காட்டப்பட்ட மதிப்பு தொடரும் என்கிறது. அதே மூச்சில் பின்பாதி, ஏனையோர் தத்தம் மதத்தை அமைதியாகப் பின்பற்றுவதற்கும், ஆளுநரின் அனுமதியோடு தகுந்த இடங்களில் வழிபாட்டுத் தலங்கள் எழுப்புவதற்கும் அரசின் பாதுகாப்பு மறுக்கப்படாது என்கிறது.

இதைப் படிநிலையாக வாசிக்கலாம்: ஊர்வலத்துக்குக் கிடைத்தது நிபந்தனையற்ற மதிப்பு, பள்ளிவாசலுக்குக் கிடைத்தது நிபந்தனைக்குட்பட்ட அனுமதி, பெரஹரா போகும் பாதையில் எழுந்த பள்ளிவாசல் ‘தகுந்த இடத்தில்’ இல்லை. வலுவான வாசிப்புத்தான். எனினும் பிரிவின் கட்டமைப்பு இதற்கு இடங்கொடுக்கவில்லை. முதலாவதாக, அனுமதி என்ற நிபந்தனை கட்டடம் எழுப்புவதை மட்டுமே தொடுகிறது. அமைதியான வழிபாட்டுக்கு அது பொருந்தாது. இரண்டாவதாக, ஊர்வலத்துக்கு உறுதியளிக்கப்பட்டது மதிப்பு. பாதை பற்றிய பேச்சே அதில் இல்லை. மூன்றாவதாக, முன்னாளில் அந்த மதிப்பைக் காட்டியவன் அரசன். அவனுடைய இடத்தில் இப்போது நிற்பது ஆளுநர். ஆகவே ஊர்வலமும் பள்ளிவாசலும் ஒரே நடுவரின் கையில்தான் ஒப்படைக்கப்பட்டிருந்தன.

1815 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவில் இத்தகைய பின்பாதி கிடையாது. வழக்கின் பாரம் முழுதும் அதன்மேல் விழுந்தபோது, பழைமையே வீதிக்கு உரிமைப் பத்திரமாயிற்று. பெரஹரா தொன்மையானது, பள்ளிவாசல் நேற்று வந்தது. அதைக் கட்டியவர்களோ இந்தியக் கரையிலிருந்து வந்த சோனகர். இந்த மொழியில் வழக்காடத் தொடங்கிய பிறகு ஓசை துணைக்காரணமாகிவிடுகிறது. 1818 பிரகடனம் ஒருதலைப்பட்சமானது, ஒப்பந்தத்தின் தகுதி அதற்கில்லை என்ற ஆட்சேபம் எழக்கூடும். ஒப்பந்தத்தை வரைந்ததும் அதே பேரரசின் பேனைதான் என்பதால் இதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

பழைமை வாதம் மறுதரப்பையும் தொற்றியிருந்தது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரை இனத்தால் தமிழரென்றார், 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அரபு வம்சாவளியை முன்வைத்து அதை மறுத்தார். இருவருக்கும் அளவுகோல் தோற்றுவாயே. நம் பகுதி இதற்கு விலக்கல்ல. அட்டாளைச்சேனைப் பிரதேசத்திலேயே, ஒலுவில் வளாகத்தில், 2003 ஜனவரி 29இல் வாசிக்கப்பட்ட முஸ்லிம்களின் ஒலுவில் பிரகடனமும் பாரம்பரியத் தாயகத்தையே நாடியது. ‘நாங்கள் வயலும் குடியும் உள்ள பூர்வீகர், வியாபாரத்துக்கு வந்தவர்களல்லர்’ என்று கிழக்கில் நாம் சொல்லும்போது, கம்பளைச் சோனகரைக் கைவிடும் வாதத்தையே இரவல் வாங்குகிறோம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக்கு ஆண்டுதோறும் கொடி ஊர்வலமாகப் போவது நாகூர் ஆண்டகையின் பெயரில். இந்தியக் கரையை அந்நியமாக்கிவிட்டு அந்தக் கொடியை எப்படித் தூக்குவது?

வட அயர்லாந்து இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்க்க முயன்றது. போர்டடவுனில், ட்ரம்கிரீ தேவாலயத்திலிருந்து கார்வாகி வீதியால் திரும்புவது 1807 தொட்டு வந்த வழக்கமென ஒரேஞ்ச் சங்கத்தார் வாதிட்டனர். அங்கு குடியிருந்த தேசியவாதக் கத்தோலிக்கருக்கு அது ஆதிக்கத்தின் அணிவகுப்பு. 1998ஆம் ஆண்டின் பொது ஊர்வலச் சட்டம், வழமையான பாதையைக் கருத்திற் கொள்ளுமாறு ஊர்வல ஆணைக்குழுவைப் பணித்தது. ஆனால் பொது ஒழுங்கு, சமூக உறவுகள் மீதான விளைவு ஆகியவற்றோடு ஒன்றாகவே அதை வைத்தது. பழைமை அங்கே ஒரு சாட்சி மட்டுமே. 1998 முதல் கார்வாகி வீதி அந்த அணிவகுப்புக்கு மறுக்கப்பட்டு வருகிறது. பிணக்கு தீர்ந்துவிடவில்லை என்பது உண்மை. ஆனாலும் முடிவெடுக்கும் முறை மாறியது.

நம்மிடம் அந்த முறைக்கான வித்து 1818லேயே கிடந்தது. 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையும் அதே இருபாதிக் கட்டமைப்பையே கொண்டுள்ளது: முற்பாதியில் பௌத்தத்துக்கு முதன்மை இடம், பின்பாதியில் ஏனைய மதங்களுக்கான உரிமை உறுதி. நேரடி வழித்தொடர்பு உண்டென நிறுவ என்னிடம் சான்றில்லை. ஆயினும் முற்பாதியை மட்டும் ஓங்கி வாசிக்கும் பழக்கம் கம்பளையில் தொடங்கியதென்றே கருதுகிறேன்.

பழைமையை உரிமைப் பத்திரமாக்குவதன் நடைமுறைப் பொருளை 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை நடந்த பொத்துவில்–பொலிகண்டிப் பேரணி காட்டியது. நில அபகரிப்பும் ஜனாஸா எரிப்பும் அதில் ஒரே கோரிக்கைப் பட்டியலில் நின்றன. பொலிஸார் நீதிமன்றத் தடைகளை நாடினர். அந்தப் பேரணிக்குத் தொன்மை ஏதுமில்லை, அதற்குமுன் அது நடந்ததேயில்லை. பழைமைதான் வீதியின் உரிமைப் பத்திரமென்றால், அநீதிக்கு எதிராக முதன்முறை நடப்பவருக்கு இந்நாட்டில் எந்த வீதியும் இல்லை. ஆகவே சிறுபான்மையோர் பழைமைப் போட்டியில் இறங்குவதை விட்டு, பின்பாதியை வாதத்தின் முதலடியாக்குவதே சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் பொருத்தமானது.