சாந்திட்ட சுவர்: கொங்கு நாட்டில் வீடு திருத்தும் உரிமையும் அனுமதியும்

ஆய்வுச்சுருக்கம்

வீட்டைக் கட்டவும் திருத்தவும் அரசிடம் முன்அனுமதி பெறும் வழக்கம் ஆங்கிலேயர் கால நகராட்சிச் சட்டங்களோடு தொடங்கியதாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. கொங்கு நாட்டைப் பொறுத்தவரை இக்கருத்து முழுமையானதன்று. கரூர்ப் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்று, கம்மாளர் தம் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசிக்கொள்ள அரசன் அளித்த இசைவைப் பதிவு செய்கிறது. அக்கல்வெட்டையும், 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் வகுத்த கட்டட விதிகளையும் அருகருகே வைத்து, அனுமதி என்பது எதன்மீது செலுத்தப்பட்டது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, கம்மாளர், சாந்து, கட்டட அனுமதி, நகராட்சி, குடிசை, திண்ணை.

கரூர்க் கல்வெட்டு

கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள இக்கல்வெட்டை ஹூல்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். ஆணை பிறப்பித்தவன் கோனேரின்மைகொண்டான். இது பல மன்னர்கள் தாங்கிய பொதுப்பட்டம் என்பதால் ஆணைக்குரிய மன்னன் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆணை வெங்கால நாட்டுக் கம்மாளர்க்கு உரியது. பதினைந்தாம் ஆட்சியாண்டின் ஆடி மாதம் முதல் அவர்கள் சில உரிமைகளைத் துய்க்கலாம் என்கிறது. நன்மை, தின்மை ஆகிய இருவகை நிகழ்வுகளிலும் இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை முதலியன கொட்டுவித்துக்கொள்ளலாம். வெளியே புறப்படும்போது காலில் செருப்பு அணியலாம். தங்கள் வீடுகளுக்குச் சாந்து இட்டுக்கொள்ளலாம். கொங்கின் வேறு சில கோயில்களிலும் கம்மாளர் உரிமை பற்றிய இதையொத்த ஆணைகள் காணப்படுகின்றன. ஆகவே இது ஓர் ஊரின் தனிச்சலுகையாக நின்றுவிடவில்லை எனலாம்.

இவ்வாணையைச் சமூக வரலாற்றாய்வாளர் பலரும் எடுத்தாண்டுள்ளனர். அவர்தம் கவனம் பெரும்பாலும் சங்கிலும் செருப்பிலும் நின்றுவிடுகிறது. ஊர்வலமும் காலணியும் பொதுவெளியில் காணப்படும் மதிப்பின் அடையாளங்கள் ஆதலின் அவை முன்னிற்பது இயல்பே. மூன்றாவது உரிமையோ வீட்டைச் சார்ந்தது. பட்டியலில் கடைசியாக வருவதால் அது ஒரு பின்னிணைப்புப் போலக் கடந்து செல்லப்படுகிறது. இக்கட்டுரையாளரின் நோக்கில் மூன்றனுள் மிகவும் வியப்பளிப்பது அதுவே.

கம்மாளர் என்போர் பொன், இரும்பு, வெண்கலம், மரம், கல் ஆகிய ஐந்தொழிலும் செய்தோர். கோயிலின் கல்லடுக்கும் சுதை வேலையும் கதவும் நிலையும் இவர்கள் கைப்பட உருவானவை. சுண்ணாம்பைச் சுட்டு நீற்றி, மணலோடு அரைத்து, புளிக்கவைத்துச் சுவரில் இழைக்கும் நுட்பம் அறிந்த சமூகம், தன் சொந்த வீட்டின் மண்சுவருக்கு அதைப் பூசிக்கொள்ள அரசாணை வேண்டியிருந்தது. தடை எழுத்துவடிவில் நமக்குக் கிடைக்கவில்லை. தடை நீக்கமே கிடைத்துள்ளது. வழக்காறாகச் செயற்படும் தடைகள் கல்லில் ஏறுவதில்லை. அவை மீறப்படும்போதோ விலக்கப்படும்போதோதான் ஆவணமாகின்றன. அவ்விலக்கைக் கோயில் சுவரில் வெட்டிய உளியும் கம்மாளன் உளியாகவே இருந்திருக்க வேண்டும்.

சாந்து பூசிய சுவர் மழைக்குக் கரையாது. கறையான் எளிதில் ஏறாது. ஆண்டுதோறும் மெழுக வேண்டிய உழைப்பும் குறையும். அதாவது இத்தடை தோற்றப் பொலிவை மட்டும் மறுக்கவில்லை; வீட்டின் ஆயுளையும் மறுத்தது. சாந்திட்ட வீடு தெருவில் நிற்கும்போது தன் உடையவரின் நிலையை எல்லார்க்கும் அறிவிக்கிறது என்பதும் மெய்யே. இத்தகைய கட்டுப்பாடு கொங்கிற்கு மட்டும் உரியதன்று. அண்டையிலுள்ள மலபாரில் ஓடு வேய்தல் கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியதாகவும், பிறர் அதற்கு ஆட்சியாளர் இசைவு பெற வேண்டியதாகவும் நெடுங்காலம் இருந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. கல்வெட்டு கூறும் இசைவை இன்றைய கட்டட அனுமதியின் முன்னோடி என்று கொள்வது பிழை. அது தனித்தனி வீட்டிற்கு, விண்ணப்பத்தின்பேரில் வழங்கப்பட்டதன்று. ஒரு நாட்டில் வாழும் ஒரு தொழிற்குழு முழுமைக்கும் வழங்கப்பட்டது. சுவரின் உயரம், தெருவின் அகலம் ஆகியவை அதில் இடம்பெறவில்லை. யார் பூசலாம் என்பதே வினா. எப்படிப் பூச வேண்டும் என்பதன்று.

நகராட்சியின் வருகை

1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1866இல் கோயம்புத்தூர் நகராட்சி அமைந்தது. அதன் முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். 1871, 1884 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நகராட்சியின் அதிகாரத்தைப் படிப்படியாக விரித்தன. எனினும் வீட்டின் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டு விதி வகுத்தது 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டமே. இதற்கிடையே நகரம் மாறிக்கொண்டிருந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் நூற்பாலை தோன்றியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. 1901இல் ஏறத்தாழ 53 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1941இல் 1 லட்சத்து 30 ஆயிரத்தை எட்டியது. ஆலைத் தொழிலாளர்க்கென ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த 'லைன் வீடு' நகரின் அடையாளமாயிற்று.

1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீடு கட்டவோ மீளக்கட்டவோ விரும்புவோர் மனை வரைபடம், கட்டட வரைபடம் ஆகியவற்றோடு விண்ணப்பித்தல் வேண்டும். மாற்றம் செய்தலுக்கும் கூடுதலாகக் கட்டுதலுக்கும் இவ்விதிகளே பொருந்தும். ஆனால் கட்டடத்தின் இருப்பிடத்தையோ அளவையோ, அதிலுள்ள அறையின் அளவையோ மாற்றாத இன்றியமையாப் பழுதுபார்ப்பு 'மாற்றம்' ஆகாது என ஒரு விலக்கு தரப்பட்டது. குறித்த காலத்தில் நகராட்சி அலுவலர் முடிவு கூறாவிடில் விண்ணப்பதாரர் மன்றத்தை எழுத்துமூலம் அணுகலாம். மன்றமும் ஒரு மாதம் வாளாவிருந்தால் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அதிகாரியின் மௌனத்தை இசைவாக மாற்றிய இவ்விதி அறிந்து பயன்கொண்டோர்க்கு உண்மையான படைக்கலமாக இருந்திருக்கும். எழுதப் படிக்க அறியாதோர் மிகுந்த நகரில் அப்படைக்கலம் எத்தனை பேர் கைக்கு எட்டியிருக்கும் என்பது வேறு.

கரூர் ஆணையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவு. சட்டம் ஆளைக் கேட்கவில்லை, மனையைக் கேட்டது. சாதியும் தொழிலும் விண்ணப்பத்தில் தகுதிகளாக இல்லை. காற்றும் வெளிச்சமும் வடிகாலும் தெருக்கோடும் அளவைகளாயின. இம்மாற்றத்தைச் சிறிதென்று கருத இயலாது.

குடிசை என்னும் சட்டச்சொல்

ஆயினும் பொருளின் வழியாக நிலை மீண்டும் உள்ளே வந்தது. கட்டடம் வேறு, குடிசை வேறு எனச் சட்டம் பிரித்தது. முதன்மையாக மரம், மண், இலை, புல் அல்லது கூரைவேய்வால் அமைந்தது குடிசை. அதற்கெனத் தனி விண்ணப்பமுறையும் தனி விதிகளும் இருந்தன. மேலும், எளிதில் தீப்பற்றும் கீற்று, புல், பாய் முதலியவற்றால் வெளிக்கூரையோ சுவரோ அமைக்க எழுத்துமூல அனுமதி தேவைப்பட்டது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப்பின் இலண்டன் செங்கல்லையும் கல்லையும் கட்டாயமாக்கியதன் நெடுந்தூர எதிரொலி இது எனலாம்.

கொங்கு வழக்கில் கூரைச் சாளை, வில்லை வீடு, மச்சு வீடு என்னும் சொற்கள் ஒரு குடும்பத்தின் முன்னேற்றப் படிகளையே குறிப்பன. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் கூரையைப் பிரித்து வில்லை ஓடு வேய்வது, பிறகு மண்சுவரைத் தட்டிச் செங்கல் வைப்பது எனப் பல ஆண்டுகளில், கையில் பணம் வரும்போதெல்லாம் வீடு வளர்ந்தது. சட்டத்தின் பார்வையில் இவ்வளர்ச்சி ஒரு கோட்டைக் கடக்கிறது. மண்சுவர் செங்கற்சுவராகும்போது குடிசை கட்டடமாகிவிடுகிறது. அப்போது கட்டடத்திற்குரிய விதிகள் அனைத்தும் பொருந்தும். செல்வர் வீட்டில் ஓர் அறையைப் புதுப்பிப்பது 'பழுதுபார்ப்பு' என்னும் விலக்கில் அடங்கக்கூடும். ஏழையின் வீட்டிலோ அதேயளவு செலவு சட்டவகையையே மாற்றிவிடுகிறது. விதி அனைவர்க்கும் பொது என்பது உண்மை. அதன் சுமை பொதுவாக இருந்தது எனக் கூற இயலவில்லை.

திண்ணை குறித்தும் ஒரு சொல். தெருவின்மேல் நீளும் தாழ்வாரம், மாடமுகப்பு, வெயில்மறைப்பு முதலியவற்றிற்கு நகராட்சி உரிமம் வழங்கலாம் எனவும், தெருவை அடைக்கும் அமைப்புகளை அகற்றச் செய்யலாம் எனவும் சட்டம் கூறியது. வழிப்போக்கர்க்கு நிழல் தந்த திண்ணை, தெருக்கோட்டிற்கு வெளியே இருந்தால் ஆக்கிரமிப்பு ஆயிற்று. பழைய கோட்டைப்பகுதித் தெருக்களில் திண்ணைகள் குறுகியும் மறைந்தும் போனதற்கு மனையின் விலை ஏற்றம் ஒரு காரணம் எனில், தெருக்கோடு மற்றொரு காரணம்.

சுண்ணாம்பு கட்டாயமான காலம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் கோயம்புத்தூரைப் பிளேக் மீண்டும் மீண்டும் தாக்கியது. நகரில் இன்றும் வழிபடப்பெறும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்நினைவின் சின்னங்கள். 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் அரசுக்கு அளித்த பரந்த அதிகாரத்தின்கீழ் வீடுகள் சோதனையிடப்பட்டன, கிருமிநீக்கம் செய்யப்பட்டன. எலி குடைய எளிதான மண்சுவரும் காற்றுப்புகா அறையும் நோயின் உறைவிடமாகக் கருதப்பட்டன. நெரிசலும் நோயும் புறநகர் விரிவுக்குத் தூண்டுதலாயின. நகராட்சித் தலைவராக இருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார் பெயரால் அமைந்த ஆர். எஸ். புரம், அகன்ற தெருக்களும் ஒழுங்கான மனைகளும் கொண்டு எழுந்தது.

இப்பின்னணியில் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு நோக்கத்தக்கது. உடல்நலம் கருதித் தேவையெனத் தோன்றின், கட்டடத்தின் உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடிக்குமாறு உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ நகராட்சி அறிவிப்பு அனுப்பலாம். ஒருகாலத்தில் வெங்கால நாட்டுக் கம்மாளர் அரசனிடம் பெற்ற பேறு, கோயம்புத்தூர்க் குடியிருப்பாளருக்கு நிறைவேற்றத் தவறினால் தண்டனைக்குரிய கடமையாயிற்று. பூச்சுச் சாந்தும் வெள்ளையடிப்பும் ஒன்றல்ல என்பதை இக்கட்டுரையாளர் அறிவார். எனினும் இரண்டிலும் சுண்ணாம்பு படிந்த சுவரின்மீது ஆட்சி தன் சொல்லைச் செலுத்துகிறது. முன்னதில் அது தகுதியின் அறிகுறி. பின்னதில் தூய்மையின் அறிகுறி.

பிற்காலம்

1930களில் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை தொடங்கியபின் கொங்கின் கட்டுமானப் பொருளே மாறியது. சட்டங்களும் அடுக்கடுக்காக வந்தன. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 'மேம்பாடு' என்பதற்கு அனுமதியைக் கட்டாயமாக்கியது. கட்டடத்தின் புறத்தோற்றத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றாத பராமரிப்புப் பணிகளுக்கு விலக்களித்தது. புறத்தோற்றம் என்னும் அளவுகோல் 1947ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்திலிருந்து வந்தது. 1981இல் கோயம்புத்தூர் மாநகராட்சியாயிற்று. சிற்றூர்களுக்கு 1997இல் ஊராட்சிக் கட்டட விதிகள் வந்தன. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இவற்றையெல்லாம் ஓரிடத்தில் திரட்டின. சுவர் பூசுதல், வெள்ளையடித்தல், வண்ணம் தீட்டுதல், தளம் மாற்றுதல் போன்றவற்றிற்கு இன்று அனுமதி வேண்டியதில்லை. 2024 சூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் தன்சான்றின் அடிப்படையில் இணையவழி உடனடி அனுமதி பெறலாம்.

இவ்வளவு எளிமைக்குப் பின்னும் விண்ணப்பத்தின் முதல் தேவை மனையின் உரிமை ஆவணமே. நத்தத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தும் பட்டா பெறாதோர், புறம்போக்கில் குடியிருப்போர், லைன் வீட்டில் வாடகைக்கு இருப்போர் ஆகியோர் இத்தேவையிலேயே நின்றுவிடுகின்றனர். சுவருக்குச் சாந்து பூச அவர்களை இன்று யாரும் தடுப்பதில்லை. அச்சுவரை ஒரு முழம் தள்ளிவைத்து அறையைப் பெரிதாக்க வேண்டுமெனில் விண்ணப்பிக்கும் தகுதியே அவர்களிடம் இல்லை. தோட்டத்துச் சாளையில் வாழும் உழவரின் சிக்கல் வேறுவகையானது: நிலத்திற்குப் பட்டா உண்டு, ஆனால் அது விளைநிலப் பட்டா. கொங்கு வட்டாரத்தின் நத்த நிலவரித் திட்ட ஆவணங்களை ஊர்வாரியாக எடுத்து, எத்தெருவில் எவர்க்கு எப்போது பட்டா கிடைத்தது என்பதையும் அத்தெருவின் வீடுகள் கூரையிலிருந்து வில்லைக்கும் வில்லையிலிருந்து மச்சுக்கும் மாறிய காலத்தையும் பொருத்திப் பார்க்கும் ஆய்வு இனிச் செய்யப்பட வேண்டியதாகும்.